சாமியைக் கேலி செய்யலாமா? – நகைச்சுவைப் படங்களில் கடவுள் நம்பிக்கையும் ஐயமும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து யார் வந்தாலும் டச்சு அரண்மனை, யூதர் கோயில், பிறகு அந்தக் கடைகள் என்று ஒரு சுற்று சுற்றிக் காட்டுவது நம் கடமை. சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்கு வந்த என் அக்காள் மகளை அப்படித்தான் அழைத்துப் போனேன். அம்மாவும் கூட வந்தார். ஒரு கடை வாசலில் மரத்தில் செய்த பிள்ளையார், பக்கத்தில் கை உடைந்த புனிதர் ஒருவர், அவருக்குப் பின்னால் தேரிலிருந்து கழற்றிய யாளி என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் விலைச்சீட்டோடு நின்றிருந்தார்கள். பத்து வயதுப் பெண். சும்மா இருக்குமா? "மாமா, சாமிக்கு டிஸ்கவுண்ட் உண்டான்னு கேளுங்க" என்றாள். கடைக்காரச் சேட்டன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்'. தருமி தனியாகப் புலம்பும் காட்சி. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். நான் கேட்டேன்: "காலையில பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க. இங்க நாகேஷ் சிவனையே போட்டு வாட்டுகாரு. இதுக்கு மட்டும் சிரிப்பா?" அம்மா சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. "அது வேற, இது வேற மக்கா. அவன் சாமிகிட்ட சண்டை போடுகான். இவ வெலை பேசுகா."

சண்டை போடுவதற்கு உரிமை வேண்டும், உறவு வேண்டும். விலை பேச இரண்டும் வேண்டாம். எங்கள் அம்மா எட்டாம் வகுப்புத்தான். ஆனால் கடவுளைப் பற்றிய நகைச்சுவையை அளக்க இதைவிட நல்ல அளவுகோலை நான் இதுவரை எந்தத் திறனாய்வு நூலிலும் பார்க்கவில்லை. இந்தக் கோலை வைத்து நம் படங்கள் சிலவற்றை அளந்து பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அளந்து முடித்தபோது கோலின் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதை எதற்கு ஒரு சங்க மலரில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் வீடுகளில் தமிழும் சாமியும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ் அவர்கள் காதில் விழுவது வீட்டில், கோயிலில், திருப்புகழ் வகுப்பில், மார்கழி மாதத்துத் திருப்பாவையில். அப்புறம் சினிமாவில். என் மகனுக்குப் பதினாறு வயதானபோது, "எனக்கு நம்பிக்கை இல்லப்பா, வகுப்புக்குப் போக மாட்டேன்" என்றான். சரி, நம்பிக்கை அவனவன் பாடு என்று விட்டுவிட்டேன். வகுப்பு நின்றது. ஆறு மாதத்தில் தமிழ் எழுத்தும் நின்றது. சாமியை விட்டால் தமிழையும் விட்டாக வேண்டும் என்ற நிலைமை ஊரில் இருக்கும் பையனுக்கு இல்லை. அங்கே நம்பாதவனுக்கும் தமிழில் இடம் உண்டு, அவனுக்கென்று மேடையும் பத்திரிகையும் நகைச்சுவையும் உண்டு. இங்கே அவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்? எஞ்சியது இந்தச் சிரிப்புப் படங்கள்தான்.

எங்கள் பாட்டா நாகர்கோவில்காரர். பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுத வந்தவர். கடவுள் இல்லை என்பார். ஆனால் ஆச்சி விரதமிருந்தால் அவரும் அன்றைக்கு மீன் தொடமாட்டார். அவருக்குத் தெய்வம் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது என்.எஸ்.கிருஷ்ணன். ஊர்ப்பாசமும் காரணம். 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர் கலைவாணர். அப்போது அது திருவிதாங்கூர். 1949 முதல் 1956 வரை நாகர்கோவிலும் மட்டாஞ்சேரியும் திரு-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்தன என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? "அவரு நம்ம ஸ்டேட்டுக்காரரு" என்று பாட்டா சொல்வது சும்மா பெருமை இல்லை, சரித்திரம்.

கலைவாணரின் 'நல்லதம்பி' வெளிவந்தது 1949-ல். கதை வசனம் அண்ணா. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்தைத்தான் நான் இங்கே சொல்ல வந்தது. நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். தில்லைக்குப் போகத் துடிக்கும் பண்ணையாள், விடை தராத ஆண்டை, கடைசியில் நெருப்பில் மூழ்கி எழுந்து சிவனோடு கலப்பது. கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கதாகாலட்சேபமாகப் பாடிவைத்தார். கலைவாணர் என்ன செய்தார்? அதே காலட்சேபம், அதே பின்பாட்டு, அதே ஏற்ற இறக்கம். நந்தனுக்குப் பதில் கிந்தன். அவன் போகத் துடிப்பது தில்லைக்கு இல்லை, பட்டணத்துக்கு, படிப்பதற்கு. போவது ரயிலில். மேல்சாதி கீழ்சாதி எல்லாம் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு உட்காரும் ரயில்.

இதில் கடவுள் இல்லை என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. கவனித்துப் பாருங்கள், சிதம்பரத்தைத் திட்டவும் இல்லை. தில்லை இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார், அவ்வளவுதான். நெருப்பு இருந்த இடத்தில் ரயில் என்ஜின். பக்தியின் வடிவத்தை அப்படியே கடன் வாங்கி அதற்குள் வேறு சரக்கை ஏற்றிவிட்டார். பக்தர்கள் சிரித்தார்கள், ஏனென்றால் காலட்சேபம் அவர்களுடையது. நம்பாதவர்கள் சிரித்தார்கள், ஏனென்றால் முடிவு அவர்களுடையது. அம்மாவின் கோலில் இது சண்டையும் இல்லை, விலையும் இல்லை. வீட்டுக்காரர் அசந்திருக்கும்போது பாத்திரத்தை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுப் பசிக்குச் சோறு வடித்துக் கொடுத்தது போல. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இதற்கு ஈடாக இன்னொன்றை நம் நகைச்சுவை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எம்.ஆர்.ராதா வேறு ஜாதி. (சாதியைச் சொல்லவில்லை, ரகத்தைச் சொல்கிறேன்.) கலைவாணர் தோளில் தட்டிச் சொல்வதை ராதா தலையில் குட்டிச் சொல்வார். மேடையில் அவர் போட்ட ராமாயண நாடகம் எழுப்பிய புயலில்தான் 1954-ல் சென்னை அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தது. ஒரு சிரிப்பு நடிகரை அடக்க ஒரு சட்டம்! அந்தச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று சொன்னது 2013-ல்தான்.

அதே 1954-ல் வந்தது 'இரத்தக்கண்ணீர்'. திருவாரூர் தங்கராசுவின் நாடகம்தான் மூலம். சீமைக்குப் போய்வந்த மோகன் கட்டிய மனைவியை ஒதுக்கி, காந்தாவின் வீட்டில் சொத்தைத் தொலைத்து, குஷ்டம் பிடித்துத் தெருவுக்கு வருகிறான். தெருவுக்கு வந்த பிறகுதான் அவன் வாயில் உண்மை உதிரத் தொடங்குகிறது. கோயில், தானம், புண்ணியம், சாதி என்று எதையும் விடுவதில்லை. இங்கே ஒரு வேடிக்கையைப் பார்க்க வேண்டும். கதையின்படி இவன் பாவி. செய்த வினையை அனுபவிக்கிறான். வினைப்பயன் என்பது நம் சமயம் சொல்லும் கணக்கல்லவா? ஆக, கடவுளைக் கிண்டல் செய்கிறவனைக் கடவுளின் கணக்குப்படியே தண்டிக்கிறது கதை. படத்தை எடுத்தவர்களுக்கு இது பாதுகாப்பு: "பாருங்கள், கெட்டவன்தான் இப்படிப் பேசுகிறான்." ஆனால் கொட்டகையில் நடந்தது வேறு. ஜனங்கள் கதையை அங்கேயே விட்டுவிட்டு ராதாவின் வாயை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். எங்கள் பாட்டா அந்தப் படத்தின் கதையை முழுசாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தக் குரலை மட்டும் செய்து காட்டுவார். மூக்கால் இழுத்து, கழுத்தைச் சாய்த்து. ஆச்சி அடுக்களையிலிருந்து, "போதும், வௌக்கு வைக்குத நேரம்" என்பாள். அவளும் சிரித்துக்கொண்டேதான்.

குஷ்டரோகியைக் கேலிப்பொருளாக வைத்தது இன்று நமக்கு உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். ஆனால் ஐயம் பேச வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே நிற்கும் ஒருவன் வாயால்தான் பேச முடிந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

பதினோரு ஆண்டு கழித்து, 1965-ல், ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. பக்திப் படம். கோயில் கொடை ஒலிபெருக்கிகளில் அதன் வசனத்தட்டு ஓடாத ஊர் உண்டா? பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் வரும் தருமி கதைக்கு அடியில் இருப்பது குறுந்தொகையின் இரண்டாம் பாடல். பாடியவர் பெயர் இறையனார். பெயரை வைத்து அவரைச் சிவனாகவே ஆக்கிக்கொண்டது புராணம். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வழக்கில் நக்கீரர், எதிரே நிற்பது சிவன் என்று தெரிந்த பிறகும் குற்றம் குற்றமே என்று நிற்கிறார். அந்த நக்கீரராக நடித்தவர் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே.

நாம் எல்லோரும் நக்கீரரைத்தான் புகழ்கிறோம். எனக்கென்னவோ தருமிதான் பெரிய கலகக்காரர் என்று படுகிறது. நக்கீரர் பண்டிதர், அவருக்குச் சபை இருக்கிறது, பீடம் இருக்கிறது. தருமிக்கு என்ன இருக்கிறது? பசி. ஆயிரம் பொன் வராதா என்று கோயிலில் புலம்புகிறார். பாட்டோடு எதிரே வந்து நிற்கும் புலவர் யாரென்று தெரியாமல் அவருக்கே பரீட்சை வைக்கிறார். தனக்குக் கேள்வி கேட்கத்தான் தெரியும், பதில் சொல்லத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். ஐயம் கொண்டவனின் இலக்கணமே அதுதானே! சபையில் அடிவாங்கும் நிலை வந்ததும் திரும்பி வந்து அதே இடத்தில் நின்று சிவனைக் கரித்துக் கொட்டுகிறார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி அவருக்கு இல்லை. இருந்து என்ன பிரயோசனம் என்ற கேள்விதான். பசித்தவனின் ஐயம் எப்போதும் இப்படித்தான் வரும். அம்மா சொன்ன உரிமைச் சண்டை இதுதான்.

1972-ல் 'காசேதான் கடவுளடா'. சித்ராலயா கோபுவின் மேடை நாடகம் ஏ.வி.எம். தயாரிப்பில் படமானது. டீக்கடைக்காரர் காவி கட்டிச் சாமியாராகி ஒரு பணக்கார வீட்டுக்குள் நுழைகிறார். தேங்காய் சீனிவாசனின் சென்னைப் பாஷையும் அருள்வாக்கும் ஒன்றையொன்று முட்டும் இடங்கள் இன்றைக்கும் அலுக்கவில்லை. தலைப்பு பெரிய தத்துவம் பேசுகிறது. படம் தத்துவம் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை, அது சிரிக்கவைக்க வந்த படம். ஆனால் இங்கிருந்து நம் சினிமாவில் ஒரு சௌகரியமான பழக்கம் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம். சிரிக்க வேண்டுமா, போலிச் சாமியாரைக் கொண்டுவா. அவரை அடி, உதை, அம்பலப்படுத்து. 'போலி' என்ற சொல் இருக்கிறதே, அது பெரிய மாயக்காரச் சொல். ஒன்று போலி என்று சொன்னவுடனே அசல் ஒன்று எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. கள்ளநோட்டைப் பிடிப்பது ரிசர்வ் வங்கிக்குச் செய்யும் சேவைதானே?

இதற்கு நம் ஊர்ப்பக்கமே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2002-ல் வந்த ரஞ்சித்தின் 'நந்தனம்' மலையாளப் படத்தைப் பார்க்காத கொச்சித் தமிழர் வீடு இருக்காது. குருவாயூரப்பன்மேல் உயிரான வேலைக்காரப் பெண் பாலாமணி. அந்த வீட்டுக்கு ஒரு சாமியார் வருகிறார், கும்பிடி. ஜகதி ஸ்ரீகுமார் வெளுத்துக் கட்டியிருப்பார். ஆசாமி யாரென்று பார்த்தால் பாலாரிவட்டம் சசி! பாலாரிவட்டம் என்று கேட்டதும் கொட்டகையில் எழுந்த சிரிப்பு, எர்ணாகுளத்துக்காரர்களுக்கே உரிய சிரிப்பு. பாலாமணியோடு பேசிப் பழகும் உண்ணிகிருஷ்ணன் என்ற இளைஞனோ சாட்சாத் கிருஷ்ணன். போலியும் அசலும் ஒரே கதைக்குள்.

இந்தக் கட்டுமானத்தைப் பாருங்கள். நம்பாதவனுக்குக் கும்பிடியைக் கொடுத்து, சிரித்துக்கொள் என்கிறது. சிரித்து முடித்ததும் அசலைக் கொண்டுவந்து சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. நான் குறையாகச் சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் உண்மையை உணரும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஐயத்துக்கு அங்கே இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2011-ல் இது தமிழில் 'சீடன்' ஆனது. குருவாயூரப்பன் போய்ப் பழனி முருகன் வந்தார். சமையல்காரர் சரவணனாகத் தனுஷ். சாமியார் வேடத்தில் வந்தவர் யார் தெரியுமா? விவேக். 'சின்னக் கலைவாணர்' என்று தமிழுலகம் பட்டம் கொடுத்து வைத்திருந்த அதே விவேக். மூடநம்பிக்கையைப் படம் படமாகச் சாடியவர், மரக்கன்று நட்டவர், 2021 ஏப்ரலில் போய்ச்சேர்ந்தபோது ஊரே அழுதது. அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் 1949-ல் தில்லைக்குப் பதில் பள்ளிக்கூடத்துக்கு ரயில் விட்ட கலைவாணரின் வாரிசு, 2011-ல் முருகன் உண்டு என்று நிரூபிக்கும் படத்தில் எடுபிடிப் போலியாக நிற்கிறார். அறுபத்திரண்டு ஆண்டுகளில் ரயில் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது?

இந்த வரிசையில் விலகி நிற்பது 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்தது. சுந்தர்.சி இயக்கம், கமல்ஹாசன் கதை, வசனம் கார்ட்டூனிஸ்ட் மதன். கொட்டகையில் ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து ஜனங்கள் அதைத் தங்கள் படமாக்கிக்கொண்டார்கள். மழையில் புவனேசுவரத்தில் மாட்டிக்கொண்ட இருவர். முகம் சிதைந்த நல்லசிவம், விளம்பரப்பட இளைஞன் அன்பரசு. விமானம் இல்லை, பஸ் இல்லை, ரயில் தடுமாறுகிறது. வழியெல்லாம் வாக்குவாதம்.

நகைச்சுவை என்று பார்த்தால் நல்லசிவம் எந்தச் சாமியையும் கிண்டல் செய்வதில்லை. அன்பரசுதான் கோபக்காரன், அவசரக்காரன், அடிக்கடி முகத்தில் கரி பூசிக்கொள்பவன். நம்பாதவன் பொறுமையாக இருக்க, நம்புகிறவன் கத்துகிறான். ராதா காலத்திலிருந்து நாம் பார்த்துவந்த ஏற்பாடு இங்கே தலைகீழாகிவிட்டது. இன்னொரு தலைகீழ்: திருநீறு பூசி, வாய்க்கு வாய் சிவனைப் போற்றி, தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் முதலாளி கந்தசாமிப் படையாட்சி. நாசர் அதை அலட்டாமல் செய்திருப்பார். சிவன் பெயரைச் சுமப்பவனோ பொதுவுடைமைக்காரன். தலைப்பே திருமூலர் கருத்து. திருமந்திரத்தின் பெயரால் ஒரு நாத்திகன் கதை! கலைவாணர் காலட்சேபத்தைக் கடன் வாங்கியதற்குப் பிறகு நடந்த பெரிய கடன் இது.

விபத்தில் அடிபட்ட நல்லசிவத்தைப் பேணுவது கன்னியாஸ்திரீகள். கெட்டவன் சைவன், நல்லவர்கள் மட்டும் கிறித்துவர்களா என்று எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கோபப்பட்டார். அதில் ஞாயம் கொஞ்சம் உண்டு. படையாட்சி வீட்டில் நல்ல பக்தர் ஒருவரை வைத்திருந்தால் படம் இன்னும் கனத்திருக்கும். ஆனால் அந்தச் சிறுவன் ஆம்புலன்ஸில் சாகும் இடத்தை அவருக்கு நினைவூட்டினேன். அதுவரை சிரித்துவந்த படம் அங்கே நிற்கிறது. கடவுளை நம்பிவந்த அன்பரசு உடைந்துபோகிறான். நல்லசிவத்துக்கு அது வாதத்தில் ஜெயிக்க நல்ல சந்தர்ப்பம். "பார்த்தாயா, உன் கடவுள் எங்கே?" என்று கேட்டிருக்கலாம். கேட்பதில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்காக அழுகிற அன்பரசுவிடமே கடவுளைக் காட்டுகிறான். ஒரு நாத்திகப் பாத்திரம் எதிராளியின் துக்கத்தில் வெற்றி பார்க்காமல் நின்றது நம் சினிமாவில் அரிது. அந்த இடத்தில் நம்பிக்கை, ஐயம் இரண்டுக்குமே உட்கார ஒரே பெஞ்சு கிடைக்கிறது.

அண்டை மொழிகளையும் ஓட்டமாகப் பார்த்துவிடலாம். நம் குஜராத்தித் தெருக்காரர்களின் மொழியில் 'காஞ்சி விருத்த காஞ்சி' என்றொரு நாடகம். அதுதான் 2012-ல் பரேஷ் ராவல் நடித்து 'ஓ மை காட்' என்று இந்தியில் வந்தது. சாமி சிலை விற்கும் கடைக்காரரின் கடை நிலநடுக்கத்தில் இடிகிறது. 'இது கடவுளின் செயல்' என்று காப்பீட்டுக்காரர்கள் பணம் தர மறுக்க, அவர் கடவுள்மேலேயே வழக்குப் போடுகிறார். யூதத் தெருக் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரும். முதல் பாதியில் இருந்த துணிச்சல் போகப்போகக் கரைந்து, கிருஷ்ணனே பைக்கில் வந்து கடைக்காரரைத் திருத்திவிடுகிறார். வழக்கில் ஜெயித்தது யார் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். மலையாளத்தில் 2010-ல் 'பிராஞ்சியேட்டன்' வந்தது. திருச்சூர் அரிசி வியாபாரியாக மம்மூட்டி அசிசியின் புனித பிரான்சிசிடம் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார். அது தருமிக்குத் தம்பி முறை, உரிமைப் பேச்சு.

ஆனால் 'ஈ.ம.யௌ.' அப்படியல்ல. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கம், பி.எஃப்.மாத்யூஸ் எழுத்து, 2018. நமக்குத் தெற்கே செல்லானத்தில் நடக்கும் கதை. அப்பனுக்குப் பெரிய சாவு எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த மகன் ஈசி. பணம் இல்லை, மழை விடவில்லை, பெட்டி தாங்கவில்லை. சாவில் சந்தேகம் என்று பள்ளி வளாகத்தில் புதைக்கப் பாதிரியார் மறுக்கிறார். அடுக்கடுக்காக எல்லாம் கெட்டுப்போகப் போக நமக்குச் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு தொண்டையிலேயே நிற்கிறது. கடைசியில் மகன் தன் முற்றத்திலேயே குழி வெட்டி அப்பனை அடக்குகிறான். இங்கே போலி யாரும் இல்லை. பாதிரியார் கள்ளரல்ல, பிடிவாதக்காரர், அவ்வளவுதான். ஆகவே சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள அசலும் வருவதில்லை. மழைதான் வருகிறது.

எங்கள் பாட்டா போனபோதும் இப்படி ஒரு இரவு. தனக்குச் சடங்கு கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். ஆச்சிக்கோ சடங்கில்லாமல் அனுப்ப மனசில்லை. வாசலில் உறவுகள் இரண்டு கட்சி. ஐயர் வந்து திரும்பிப்போய், மறுபடி வந்தார். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரன், நான், யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் கக்கூஸில் போய் ஒளிந்துகொண்டேன். இன்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கடைசியில் ஆச்சியே தீர்த்துவைத்தாள்: "அவருக்க வாக்கும் கெடக்கட்டும், எனக்க திருநீறும் கெடக்கட்டும்." மந்திரம் இல்லை. நெற்றியில் திருநீறு மட்டும் அவள் கையால். 'ஈ.ம.யௌ.' பார்த்த அன்று என் மனம் படத்தில் இல்லை, அந்த வாசலில்தான் இருந்தது.

சமீபத்தியதில் 'மூக்குத்தி அம்மன்', 2020 தீபாவளிக்கு நேராக வீட்டுத் திரைக்கு வந்தது. ஆர்.ஜே.பாலாஜியும் என்.ஜே.சரவணனும் இயக்கியது. களம் எங்கள் நாகர்கோவில். நாயகன் பெயர் ஏங்கல்ஸ் ராமசாமி. அந்தப் பெயரிலேயே ஜெர்மனியும் ஈரோடும் இருக்கின்றன, அப்படியொரு பெயர்க்காரன் குலதெய்வத்தின் முன் நிற்பதுதான் முதல் நகைச்சுவை. அம்மாவாக ஊர்வசி, கேட்கவே வேண்டாம். கவனிப்பாரற்ற சின்னக் கோயிலின் அம்மன் நயன்தாராவாக வந்து, தன் கோயிலைப் பிரபலமாக்கச் சொல்கிறாள். பெரிய கோயில்கள்மேல் சின்னச் சாமிக்கு இருக்கும் அங்கலாய்ப்பு அருமையான கற்பனை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அது நன்றாகவே புரியும். பிறகு படம் கார்ப்பரேட் சாமியாரைப் பிடித்துக்கொள்கிறது. மறுபடி கும்பிடிதான், கொஞ்சம் பணக்காரக் கும்பிடி. நடுவில் தரகர் வேண்டாம் என்ற உபதேசத்தோடு முடிகிறது. அம்மா படத்தை இரண்டு தடவை பார்த்தார். கருத்துக் கேட்டேன். "அம்மனுக்கு மூக்குத்தி எடுப்பா இருக்கு" என்றார்.

இனி அந்தக் கோலுக்கு வருகிறேன். உரிமையோடு சண்டை போட்டால் சரி, உறவில்லாமல் விலை பேசினால் தப்பு என்றார் அம்மா. தருமி அந்தக் கணக்கில் தேறுகிறார், பிராஞ்சி தேறுகிறார், ஏங்கல்ஸ் ராமசாமியும் முக்கால்வாசி தேறுவார். ஆனால் நல்லசிவம்? அவன் சாமியோடு சண்டையும் போடவில்லை, விலையும் பேசவில்லை. கிந்தன்? ஈசி? அம்மாவின் கோலில் இவர்களுக்குக் கோடே போடவில்லை. உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு கேலி பேசலாம் என்பதை அந்தக் கோல் அளக்கும். வெளியே போனவனையும் நம்மவனாக வைத்துக்கொள்வது எப்படி என்பதை அளக்காது. அந்த அக்காள் மகள் கேட்டதைக்கூட இப்போது நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். சாமிக்கு விலைச்சீட்டு ஒட்டியது அவளில்லையே. ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

என் மகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குப் போன். நான் பயந்துதான் எடுத்தேன். அறையில் நண்பர்களோடு 'அன்பே சிவம்' பார்த்திருக்கிறான். "அப்பா, அந்தத் தலைப்பு பழைய பாட்டுல இருந்து எடுத்ததாமே? யார் எழுதினது? உங்ககிட்ட அந்தப் புக் இருக்கா?" என்றான். இருந்தது. பாட்டாவின் அலமாரியில், கடவுள் இல்லை என்ற மனிதரின் அலமாரியில், ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு திருமந்திரம். மறுநாள் கூரியரில் அனுப்பினேன். எத்தனை பக்கம் தாண்டினான் என்று நான் கேட்கவில்லை.